ஈறு சிகிச்சை முடிந்த பிறகு என்ன செய்வது? கோலாலம்பூர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

டீப் கிளீனிங் முடிந்து பணம் கட்டும்போது, முகப்பில் இருக்கும் பெண் ஓர் அட்டையில் மூன்று மாதத்துக்கு அப்பால் ஒரு தேதியை எழுதித் தருவார். அந்த அட்டை பணப்பைக்குள் பெட்ரோல் ரசீதுகளோடு சேர்ந்து காணாமல் போய்விடும். வீக்கம் வடிந்துவிட்டது, துலக்கினால் ரத்தம் வருவதில்லை, வாய் நாற்றமும் போய்விட்டது. இனிமேல் எதற்குப் போகணும் என்றுதான் தோன்றும். ஈறு சிகிச்சையில் செலவழித்த காசும் பட்ட பாடும் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஈறு நோய் முற்றி, பல்லைத் தாங்கும் எலும்பு வரை போய்விட்ட நிலைக்குப் பெரியோடோன்டைட்டிஸ் என்று பெயர். டீப் கிளீனிங்கில் ஈறுக்குக் கீழே வேரில் ஒட்டியிருந்த காரையையும் கிருமிப் படலத்தையும் சுரண்டி எடுத்துவிட்டார்கள். ஈறு மறுபடி பல்லை இறுக்கிப் பிடிக்கத் தொடங்கும். ஆனால் கரைந்துபோன எலும்பு பெரும்பாலும் திரும்பி வராது. அந்தக் கிருமிகளும் வாயை விட்டு ஒரேயடியாகப் போவதில்லை. சர்க்கரை நோயைப் போலத்தான் இதுவும். ஆயுள் முழுக்கக் கட்டுக்குள் வைத்திருக்கலாம், ஆனால் குணமாகிவிட்டது என்று விட்டுவிட முடியாது.

இன்னொன்று, இந்த நோயில் வலியை வைத்து எதையும் கணக்குப் போட முடியாது. பல் ஆடத் தொடங்கும்வரை சத்தமில்லாமலே எலும்பு கரையும். மலேசியாவில் 2010-இல் எடுத்த தேசிய வாய்நலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 94 விழுக்காட்டினருக்கு ஏதோ ஓர் அளவில் ஈறுப் பிரச்சினை இருந்தது. அத்தனை பேருக்கும் வலித்திருந்தால் கிளினிக் வரிசை ஜாலான் துன் ரசாக் வரைக்கும் நின்றிருக்கும். அதனால் வலியை விட்டுவிட்டு அளவுகளைப் பாருங்கள். கீழே உள்ளவற்றில் பாதி, அந்த அளவுகளை எப்படிப் பெறுவது, எப்படிக் குறைப்பது என்பதைப் பற்றியதுதான்.

1. முதல் இரண்டு வாரம்

மரத்துப்போக ஊசி போட்டிருந்தால், உதடும் கன்னமும் பழைய நிலைக்கு வரும்வரை சாப்பிடாதீர்கள். கன்னத்தைக் கடித்துக்கொண்டாலும் தெரியாது, சூட்டில் நாக்கு வெந்தாலும் தெரியாது. இரண்டு மூன்று நாளைக்கு ஈறு வலிக்கும். பாராசிட்டமால் பெரும்பாலும் போதும். ஒரு கிளாஸ் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு போட்டு, நாளைக்கு இரண்டு மூன்று முறை மெதுவாகக் கொப்பளித்தால் இதமாக இருக்கும். அன்று இரவே மென்மையான பிரஷால் துலக்கலாம். வலிக்குமே என்று அந்த இடத்தை ஒரு வாரம் தொடாமல் விட்டால் படலம் மறுபடி ஏறிவிடும். ஈறைத் திறந்து அறுவை செய்து தையல் போட்டிருந்தால் மட்டும் விதிவிலக்கு. டாக்டர் சொல்லும்வரை அங்கே பிரஷ் படக்கூடாது.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் கொடுத்திருப்பார்கள். பாட்டிலில் 0.12 அல்லது 0.2 விழுக்காடு என்று இருக்கும். பற்பசை போட்டுத் துலக்கிய உடனே இதைக் கொப்பளித்தால் பற்பசையின் நுரைப்பொருள் மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். நடுவில் அரை மணி நேரமாவது விடுங்கள். அதிகம் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கின் ருசியும் கொஞ்ச நாளைக்கு மாறும். தேயும் கோப்பியும் நிறையக் குடிப்பவருக்குக் கறை இன்னும் கூடும். சொன்ன நாளோடு நிறுத்திவிடுங்கள். ‘நல்லா இருக்கே’ என்று வாட்சன்ஸிலோ கார்டியனிலோ திரும்பத் திரும்ப வாங்கி மாதக்கணக்கில் கொப்பளிப்பதற்கான மருந்து இல்லை இது.

அப்புறம், யாரும் சரியாக எச்சரிக்காத இரண்டு விஷயங்கள். முதலாவது கூச்சம். ஈறு கொஞ்சம் இறங்கி வேர் வெளியே தெரிவதால் ஐஸ் தண்ணீர் பட்டால் சுரீர் என்று இருக்கும். கூச்சத்துக்கான பற்பசையை விடாமல் பயன்படுத்தினால் சில வாரங்களில் குறையும். இரவில் அதையே விரல் நுனியில் எடுத்துக் கூசும் இடத்தில் தடவி, கழுவாமல் விட்டுவிடலாம்.

இரண்டாவது, தோற்றம். பல் நீண்டுவிட்ட மாதிரியும், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே கறுப்பு முக்கோணமாக இடைவெளி விழுந்த மாதிரியும் தெரியும். சிகிச்சைதான் பல்லைக் கெடுத்துவிட்டது என்று கோபப்பட்டுப் போகாமல் நின்றவர்களை எனக்குத் தெரியும். அந்த இடைவெளி எலும்பு கரைந்தபோதே உண்டானது. வீங்கிய ஈறும் காரையும் இவ்வளவு நாள் அதை மூடியிருந்தன. பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் இப்போது அந்த இடுக்கில் பிரஷ் நுழைகிறது.

துணியை வைத்து இருபது நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை, வீக்கம் நாளுக்கு நாள் கூடுகிறது, காய்ச்சல் அடிக்கிறது, சீழ் வருகிறது என்றால் அடுத்த சந்திப்பு வரை பொறுக்காமல் கிளினிக்கைக் கூப்பிடுங்கள்.

2. உங்கள் அளவுகளைக் கேட்டு வாங்குங்கள்

சிகிச்சைக்கு முன்பு டாக்டர் ஒரு மெல்லிய கம்பியை ஈறு ஓரத்தில் விட்டு விட்டு எடுத்து, ‘மூன்று, இரண்டு, ஐந்து’ என்று சொல்லச் சொல்ல, உதவியாளர் எழுதியிருப்பார். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பாக்கெட்டின் ஆழம் அது, மில்லிமீட்டரில். ஒரு பல்லுக்கு ஆறு இடம். 28 பல் இருந்தால் 168 எண்கள். அந்தத் தாள்தான் உங்கள் ஈறின் கணக்குப் புத்தகம். நம்மில் பெரும்பாலோர் அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டோம்.

அதைப் படிப்பது கடினமில்லை. 1 முதல் 3 வரை நல்லது. 4 இருந்து ரத்தம் வராவிட்டால், சிகிச்சை பெற்ற வாய்க்கு அது நல்ல முடிவுதான். 5 அல்லது அதற்கு மேல் இருந்து, கம்பி பட்டதும் ரத்தமும் வந்தால் அங்கே நோய் இன்னும் உயிரோடு இருக்கிறது. 6 அல்லது அதற்கு மேல் நின்றுவிட்ட இடத்தை வீட்டில் எவ்வளவு துலக்கினாலும் பிரஷ் எட்டாது. அங்கே மறுபடி ஆழச் சுத்தம் செய்வதா, அறுவையா என்று டாக்டர் முடிவு செய்வார். ஆழத்தோடு, கம்பி பட்டபோது மொத்தம் எத்தனை விழுக்காடு இடங்களில் ரத்தம் வந்தது என்பதையும் கேளுங்கள். பத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி.

கேட்க வெட்கப்பட வேண்டாம். தமிழ் பேசும் டாக்டர் என்றால், ‘டாக்டர், என் பாக்கெட் அளவு எழுதின தாளை ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?’ என்று கேட்டால் போதும். அரசாங்க கிளினிக்கில், ‘போலே சாயா அம்பில் கம்பார் சார்ட்டா குசி?’ என்று மலாயில் கேளுங்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். எல்லா எண்ணும் வேண்டாம் என்றால், 5 அல்லது அதற்கு மேல் உள்ள பற்கள் எவை என்று மட்டும் கேட்டுக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். வேலை மாறினால் பேனல் கிளினிக் மாறும், வீடு மாறினால் கிளினிக்கும் மாறும். பழைய அளவு இல்லாமல் புது டாக்டரிடம் போனால், இப்போது இருக்கும் 5 என்பது 7-இலிருந்து இறங்கியதா, 3-இலிருந்து ஏறியதா என்று அவருக்குத் தெரியாது. முதலாவது நல்ல செய்தி, இரண்டாவது மோசமான செய்தி. எக்ஸ்ரே படங்களுக்கும் இதே கதைதான். கேட்டால் புலனத்திலோ மின்னஞ்சலிலோ அனுப்பிவிடுவார்கள்.

3. இரவு வேலை

மூன்று மாதத்தில் டாக்டர் உங்கள் வாயைத் தொடுவது ஒரு மணி நேரம் இருக்கலாம். மீதி எல்லாம் உங்கள் கையில்தான் இருக்கிறது. 1965-இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்பவரும் அவரோடு இருந்தவர்களும் ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொல்லிப் பார்த்தார்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. திரும்பத் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியானது. நல்ல ஈறுக்கே அந்தக் கெடுதான் என்றால், ஒரு முறை நோய் கண்ட ஈறுக்கு அவ்வளவு நாள்கூட இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பெரியோடோன்டைட்டிஸ் வந்த வாயில் நோய் பெரும்பாலும் இடுக்குகளில்தான் குடியிருக்கும். சாதாரண பிரஷ் அங்கே போகாது. இடைவெளி விழுந்த வாய்க்கு ஃபிளாஸ் நூலும் போதாது. வேரின் பக்கவாட்டில் உள்ள பள்ளத்தைத் தொடாமல் நூல் மேலேயே வழுக்கிப் போய்விடும். உங்களுக்கு வேண்டியது இடுக்கு பிரஷ், அதாவது மெல்லிய கம்பியைச் சுற்றி முடி உள்ள குட்டி பிரஷ். வாட்சன்ஸ், கார்டியன், பிக் பார்மசி எல்லா இடத்திலும் இருக்கிறது, ஷாப்பியிலும் கிடைக்கும். ஆனால் முதல் முறை கடையில் போய்க் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். அளவுதான் இதில் எல்லாமே.

டெப்பே நிறுவனத்தின் பிரஷில் கம்பியின் அளவு நிறத்தில் தெரியும். இளஞ்சிவப்பு 0.4, ஆரஞ்சு 0.45, சிவப்பு 0.5, நீலம் 0.6, மஞ்சள் 0.7, பச்சை 0.8 மி.மீ. வேறு நிறுவனத்தில் அதே நிறம் வேறு அளவாக இருக்கலாம். ஆகவே நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே வாய்க்கு இரண்டு மூன்று அளவு தேவைப்படுவது சகஜம். முன்பல்லுக்குச் சின்னது, கடைவாய்க்குப் பெரியது. டாக்டரிடமோ உதவியாளரிடமோ, ‘எந்த இடுக்குக்கு எந்த அளவு, ஒரு தடவை விட்டுக் காட்டுங்க’ என்று கேளுங்கள். கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நீங்களும் செய்துபாருங்கள். இலவசமாகக் கிடைக்கும் பாடங்களில் இதைவிட உருப்படியானது வேறு இல்லை.

சரியான அளவு என்றால் முடி இருபக்கப் பல்லையும் உரசிக்கொண்டு, லேசான இறுக்கத்தோடு உள்ளே போகும். கம்பி பல்லில் உரசினால் பெரிது. எந்த எதிர்ப்பும் இல்லாமல் ஆடிக்கொண்டு போனால் சிறிது. பலவந்தமாகத் தள்ளாதீர்கள். ஈறு ஓரத்தை ஒட்டி நேராக விட்டு, இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் இழுங்கள். கடைவாயில் கம்பியை விரலால் லேசாக வளைத்துக்கொண்டால் எளிதாகப் போகும். கன்னத்துப் பக்கமிருந்து ஒரு தடவை, முடிந்தால் நாக்குப் பக்கமிருந்தும் ஒரு தடவை. கடைசிக் கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்தை யாரும் நினைப்பதே இல்லை, அங்கேயும் ஒரு முறை விடுங்கள். முடி கலைந்தாலோ கம்பி நெளிந்தாலோ தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது எடுங்கள்.

முதல் சில நாள் ரத்தம் வரும். வந்தால் நிறுத்தக் கூடாது. ரத்தம் வருகிற இடத்தில்தான் வேலை பாக்கி இருக்கிறது. ஒழுங்காகச் செய்தால் ஒன்றிரண்டு வாரத்தில் குறைந்துவிடும். அதற்குப் பிறகும் ஒரே இடத்தில் விடாமல் வந்தால் அந்த இடத்தைக் குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

இடுக்கு முடிந்ததும் துலக்குங்கள். முடி மென்மையாக இருக்கட்டும். பிரஷை ஈறு ஓரத்தைப் பார்த்துச் சாய்த்துப் பிடித்து, சின்னச் சின்ன அசைவாக, இரண்டு நிமிடத்துக்குக் குறையாமல். கீழ் முன்பற்களின் நாக்குப் பக்கத்தில் காரை சீக்கிரம் படியும், எச்சில் சுரப்பியின் வாய் அங்கேதான் திறக்கிறது. பிரஷைச் செங்குத்தாகப் பிடித்தால்தான் அது எட்டும். மின்சார பிரஷ் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு, காசு இருந்தால் தாராளமாக வாங்கலாம் என்பேன். மூட்டுவலி, விரல் நடுக்கம் உள்ள வயதானவர்களுக்கு அது பெரிய உதவி. தண்ணீர் பீய்ச்சும் கருவி பிரிட்ஜ், பிரேசஸ் போட்டவருக்குக் கூடுதல் துணையாக இருக்கும், ஆனால் ஒட்டிய படலத்தைத் துடைத்து எடுக்க இடுக்கு பிரஷ்தான் வேண்டும்.

பற்பசைப் பெட்டியில் ஃபுளோரைடு 1,450 பிபிஎம் பக்கம் இருக்கிறதா பாருங்கள். மஸ்ஜித் இந்தியா பக்கம் கிடைக்கும் மூலிகைப் பற்பசைகள் சிலவற்றில் ஃபுளோரைடே இருக்காது. வேர் வெளியே தெரிகிற வாய்க்கு அது போதாது. துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும், வாய் நிறையத் தண்ணீர் விட்டு அலசினால் ஃபுளோரைடும் கழுவிப் போய்விடும். உப்பும் கரித்தூளும் போட்டுத் தேய்ப்பது தாத்தா காலத்து வழக்கம்தான், ஆனால் வேரின் மேல்பரப்பு எனாமலைவிட மிருது, தேய்ந்து பள்ளமாகிவிடும். எண்ணெய் கொப்பளிப்பவர்கள் கொப்பளிக்கட்டும். நான் தடுக்கவில்லை, ஆனால் அது இடுக்கு பிரஷுக்குப் பதில் ஆகாது.

தைப்பூச விரதமோ வெள்ளிக்கிழமை விரதமோ, சாப்பிடாத நாளிலும் துலக்குவதை விடாதீர்கள். சாப்பாடு இல்லாவிட்டாலும் படலம் உண்டாகத்தான் செய்யும்.

4. மூன்று மாத வருகை

முதல் மறுபரிசோதனை, சிகிச்சை முடிந்து எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள். ஈறு ஆறி இறுகுவதற்கு அவ்வளவு நேரம் வேண்டும், அதனால் சீக்கிரமே போய் அளந்தால் சரியாக இருக்காது. அன்று மறுபடி எல்லா இடத்தையும் அளப்பார்கள். இறங்கிய அளவு எவை, இறங்காத அளவு எவை என்பதை வைத்துத்தான் அடுத்த முடிவு. பழைய போட்டோவைக் கையோடு கொண்டுபோங்கள்.

அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. ஏன் மூன்று மாதம் என்று பலர் கேட்பார்கள். வருவதெல்லாம் காசு பிடுங்கத்தான் என்ற சந்தேகம் நம் ஊரில் சும்மா விடாது. ஈறுக்குக் கீழே சுத்தம் செய்த பாக்கெட்டில் கெட்ட கிருமிகள் மெல்ல மெல்லத் திரும்பிக் குடியேறும். ஏறக்குறைய மூன்று மாதத்தில் பழைய நிலைமைக்கு நெருங்கிவிடும். அதற்குள் போய்க் கலைத்துவிட்டால் எலும்பைத் தொட அவற்றுக்கு அவகாசம் இருக்காது. ஓரிரு வருடம் அளவுகள் அசையாமல் நின்றால், இடைவெளியை நான்கு மாதமாகவோ ஆறு மாதமாகவோ டாக்டரே நீட்டுவார். புகைப்பவருக்கும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும் நீட்டமாட்டார். நீங்களே நீட்டிக்கொள்வது வேறு கதை.

போகும்போது வெறும் ‘ஸ்கேலிங்’ என்று சொல்லிப் பதிவு செய்யாதீர்கள். அப்படிச் சொன்னால் மேலே தெரியும் காரையை இருபது நிமிடத்தில் எடுத்து, பாலிஷ் போட்டு அனுப்பிவிடக்கூடும். பல் பளபளக்கும், பாக்கெட் அப்படியே இருக்கும். ‘எனக்கு ஏற்கனவே ஈறு சிகிச்சை நடந்திருக்கு, பாக்கெட் அளந்து பார்க்கணும்’ என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டால் அதற்கேற்ற நேரம் ஒதுக்குவார்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது முழு வாயையும் அளந்து எழுதவில்லை என்றால் நீங்களே கேட்டு அளக்கச் சொல்லுங்கள்.

அடுத்த தேதியை நாற்காலியை விட்டு எழுந்ததும் வாங்கிவிடுவது நல்லது. சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி வாரங்களில் பல கிளினிக்குகள் மூடியிருக்கும். முன்னும் பின்னும் இடமே கிடைக்காது, மூன்று மாதம் நான்கரை மாதமாகிவிடும். சர்க்கரைக்காகக் கிளினிக் கெசிஹாத்தானில் தவறாமல் ரத்தம் கொடுப்பவர்கள், பல் சந்திப்பையும் அதே வாரத்தில் வைத்துக்கொண்டால் மறக்காது.

5. எங்கே போவது, காசுக்கு என்ன செய்வது

கோலாலம்பூரில் வழி மூன்று. அரசாங்கப் பல் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி, செய்யும் வேலைக்குத் தனியே சிறு தொகை. குறை என்னவென்றால் காத்திருப்பு. ஈறு நிபுணரைப் பார்க்க அங்கிருந்தே பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும், நிபுணரின் தேதி தள்ளித்தான் கிடைக்கும். குடிமகன் அல்லாதவர்களுக்குக் கட்டணம் வேறு. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

இரண்டாவது, பல்கலைக்கழகங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் பிரிவு 1972-இல் தொடங்கியது, நாட்டில் முதலாவது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமான யூகேஎம்மின் பல் மருத்துவப் பிரிவு ஜாலான் ராஜா மூடா அப்துல் அஜீஸில் இருக்கிறது. மாணவர்கள் ஆசிரியர் பார்வையில் செய்வார்கள். நேரம் அதிகம் எடுக்கும், அரை நாள் விடுப்பு போட வேண்டிவரலாம். ஆனால் ஒவ்வொரு எண்ணையும் பொறுமையாக அளந்து எழுதுவார்கள். பணி ஓய்வு பெற்றவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது தனியார். பிரிக்ஃபீல்ட்ஸிலும் செந்தூலிலும் தமிழில் பேசி விளக்கம் கேட்கக்கூடிய கிளினிக்குகள் இருக்கின்றன. கட்டணம் கிளினிக்குக்குக் கிளினிக் மாறும். அளப்பதற்கும் எக்ஸ்ரேக்கும் தனிக் கட்டணமா என்று கேட்டுவிட்டுப் போங்கள். டாக்டர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று பார்ப்பது அவசியம். வீட்டுக்கே வந்து மலிவாகச் செய்கிறேன் என்பவர்களிடமும், இணையத்தில் வாங்கிய சுரண்டும் கருவியோடு தாமே உட்காருவதிலும் வேர்தான் காயப்படும்.

2024 வரி ஆண்டிலிருந்து, பதிவு பெற்ற பல் மருத்துவரிடம் செய்த பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் வருமான வரியில் 1,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு. ரசீதில் டாக்டரின் பெயரும் கிளினிக் முத்திரையும் இருக்கட்டும், ஏழு வருடம் பத்திரப்படுத்துங்கள். நிறுவனத்தின் மருத்துவ அட்டையில் பல்லுக்கு வருட வரம்பு இருந்தால், அதை ஒரே வருகையில் தீர்த்துவிடாமல் நான்கு வருகைக்கும் பிரித்துக்கொள்ளலாமா என்று மனிதவளத் துறையில் கேளுங்கள்.

6. சர்க்கரை, பிரஷர் மாத்திரை, புகை

2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் அது 31 விழுக்காடு. ஈறு நோயும் சர்க்கரையும் ஒன்றையொன்று தூக்கிவிடும். சர்க்கரை ஏறினால் ஈறு ஆறாது. ஈறில் அழற்சி இருந்தால் சர்க்கரை இறங்க மறுக்கும். நல்ல பக்கமும் உண்டு. ஈறு சிகிச்சை செய்துகொண்ட நீரிழிவு நோயாளிகளுக்கு மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்த அளவு) சராசரியாக 0.4 புள்ளி அளவுக்கு இறங்கியிருக்கிறது. ஆகவே உங்கள் எச்பிஏ1சி எண்ணைப் பல் டாக்டரிடமும், ஈறு நிலையைச் சர்க்கரை டாக்டரிடமும் சொல்லுங்கள். அவர்கள் தாமாக ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வது அரிது, தூது போக வேண்டியது நீங்கள்தான். அரசாங்க உதவித்தொகை பெறும் 40 வயதைத் தாண்டியவர்களுக்குப் பெக்கா பி40 திட்டத்தில் எச்பிஏ1சி உள்பட ரத்தப் பரிசோதனை இலவசம். இதுவரை பரிசோதிக்காதவர்கள் இதைப் பயன்படுத்தலாம்.

ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் எடுப்பவர்களில் சிலருக்கு ஈறு தடித்து வளர்ந்து பல்லை மூடும். வலிப்பு மாத்திரையான ஃபெனிடோயினும் அப்படித்தான். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்துப் பட்டியலைக் காட்டினால், மாற்ற முடியுமா என்று இரண்டு டாக்டர்களும் பேசி முடிவு செய்வார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்றவை எடுப்பவர்களும், எலும்பு பலத்துக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர்களும் ஒவ்வொரு வருகையிலும் அதைச் சொல்ல வேண்டும்.

புகையைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. ஒன்று மட்டும். நிக்கோட்டின் ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால், நோய் இருந்தும் ரத்தம் அவ்வளவாக வராது. அதனால்தான் சிகரெட் பிடிப்பவர்கள் ‘எனக்கு ஈறு நல்லாத்தான் இருக்கு’ என்று நம்புகிறார்கள். விட்ட முதல் வாரங்களில் ரத்தம் கொஞ்சம் கூடினால் பயப்பட வேண்டாம், ஈறு உயிர் பெறுகிறது என்று அர்த்தம். மின்சிகரெட்டான வேப்பிலும் நிக்கோட்டின் இருந்தால் இதே கதைதான். வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டிமார்களையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறுத்த உதவிக்கு அரசாங்க கிளினிக்குகளில் எம்குயிட் சேவை இருக்கிறது.

7. மாமாக் கடை

ஈறு சிகிச்சைக்குப் பிறகு இரண்டாவது ஆபத்து வேரில் விழும் சொத்தை. வெளியே வந்த வேருக்கு எனாமல் பாதுகாப்பு இல்லை. எனாமல் தாங்கும் அளவு புளிப்பிலேயே வேர் கரையத் தொடங்கிவிடும். இரவு துலக்கிவிட்டுப் பதினோரு மணிக்குக் கால்பந்து பார்க்க மாமாக் கடைக்குப் போய், கெட்டிப்பால் ஊற்றிய தே தாரேக்கைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் உறிஞ்சினால் வேருக்கு அதைவிடக் கெட்டது இல்லை. குடிக்காதே என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? ‘கோசோங்’ என்று சொல்லி இனிப்பில்லாமல் வாங்குங்கள், அல்லது சாப்பாட்டோடு சேர்த்து ஒரே தடவையில் குடித்து முடியுங்கள், அப்புறம் வீட்டுக்கு வந்து துலக்குங்கள். துலக்கிய பிறகு தண்ணீர் மட்டும்.

முறுக்கும் கச்சாங் பூத்தேவும் ஆழமான பாக்கெட்டில் துண்டாக மாட்டிக்கொண்டால் ஒரே நாளில் ஈறு வீங்கிவிடும். தீபாவளி மாதம் பையில் ஓர் இடுக்கு பிரஷ் இருக்கட்டும். பல்குச்சியால் குத்திக் கிளறுவது ஈறைக் கிழிக்கும்.

8. தேதிக்குக் காத்திருக்காமல் போக வேண்டியவை

ஓர் இடத்தில் ஈறு உருண்டையாக வீங்குவது, அழுத்தினால் சீழ் வருவது, ஆடாத பல் ஆடத் தொடங்குவது, கடிக்கும்போது ஒரு பல் மட்டும் முதலில் தட்டுவது, முன்பற்களுக்கு நடுவே புதிதாக இடைவெளி விழுவது, துலக்கியும் போகாத நாற்றம். இவற்றில் ஏதாவது இருந்தால் அந்த வாரமே போங்கள். பழைய ஆன்டிபயாட்டிக் மாத்திரையைத் தேடி எடுத்து விழுங்கி வீக்கத்தை அடக்காதீர்கள். வீக்கம் அடங்கினாலும் பாக்கெட்டுக்குள் காரை அப்படியே இருக்கும்.

கர்ப்பமாக இருப்பவர்களுக்கு ஈறு சீக்கிரம் வீங்கும். சுத்தம் செய்வதைத் தள்ளிப்போட அவசியமில்லை, கர்ப்பம் என்று மட்டும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு இளம் வயதிலேயே நோய் முற்றியிருந்தால், அண்ணன் தங்கையையும் வளர்ந்த பிள்ளைகளையும் ஒரு முறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், இது குடும்பத்தில் ஓடக்கூடியது.

விழுந்த பல்லுக்கு இம்ப்ளான்ட் வைக்க நினைப்பவர்கள் முதலில் ஈறு அளவுகள் அசையாமல் நிற்கும்வரை பொறுத்திருங்கள். பல்லைக் கெடுத்த அதே நோய் இம்ப்ளான்ட்டைச் சுற்றியுள்ள எலும்பையும் கரைக்கும். ஈறு நோய் வந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம். ஊருக்குப் போகும்போது சென்னையிலோ மதுரையிலோ மலிவாக வைத்துக்கொண்டு வரலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். வைப்பது ஒரு பயணத்தில் முடியலாம், ஆனால் அதையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்க இங்கே ஒருவர் வேண்டும். போவதற்கு முன்பே உங்கள் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். வரும்போது இம்ப்ளான்ட்டின் நிறுவனம், அளவு எழுதிய அட்டையையும் புது எக்ஸ்ரேயையும் கையோடு கொண்டுவாருங்கள். அது இல்லாவிட்டால் இங்கே ஒரு திருகு தளர்ந்தாலும் பொருத்தமான கருவி எது என்று தெரியாமல் டாக்டர் கையைப் பிசைவார்.